பதின்மூன்றாவது கையெழுத்து

எனக்குத் தையல் வராது. ஒரு பொத்தான் தைக்கச் சொன்னால் விரலையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். அப்படிப்பட்டவளின் வாசலில் ஒரு தையல் மெஷினை இறக்கிவைத்து, பக்கத்தில் என்னை நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு வீடுகளில் ஆள் போயிற்று. என் வீட்டில் என் கணவர். நிலையத்தின் மூன்றாம் வாசலை ஒட்டி எங்கள் சாவிக்கடை. அவர் வெட்டுவார், நான் அரத்தால் பிசிறு எடுப்பேன். பதினோரு வருஷம் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்த்த வேலை. அன்றைக்கு எனக்குப் பல்வலி, அதனால் வீட்டில் இருந்தேன். அந்தப் பல்லை இன்னும் பிடுங்கவில்லை.

நிலையத்தைப் பழுதுபார்த்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பழைய தொழிலோடே திறந்தால் கடை எங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று நோட்டீஸ் வந்தது. கடை இருக்கிறது, கையும் இருக்கிறது. சாவி வெட்டும் மெஷின்தான் கரிக்கட்டையாகிக் கிடந்தது. ஆகவே தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அதைக் கொடுத்துவிட்டுப் போன, எங்களுக்கு உதவி செய்கிற அறக்கட்டளை அலுவலகத்துக்கே போனேன்.

அங்கே செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்றால் அவருக்கு உயிர்.

“இத எடுத்துக்கிட்டு எனக்குச் சாவி மெஷின் குடுங்க சார்.”

“குடுக்கலாம்மா. ஆனா எல்லா வீட்டுக்கும் தையல் மெஷின்னுதான் பொது முடிவு. அதுல இல்லாத உதவின்னா, மத்த பதிமூணு குடும்பமும் கையெழுத்துப் போடணும். முதல் கூட்டத்துல நீங்கள்லாம் சேர்ந்து போட்ட விதிதானே?”

போட்டது நாங்கள்தான். யாரோ ஒரு வீட்டுக்கு மட்டும் கூடுதலாகப் போகிறது என்று அன்றைக்கு ஒரு வதந்தி. ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் இந்த விதியைச் சொல்லி, முதல் ஆளாகக் கை தூக்கிய மகராசி சாட்சாத் நான்தான். துக்க வீட்டில் இருக்கிறவளுக்கு அடுத்தவள் தட்டில் கண் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கண் போயிற்று. விதியும் என் கழுத்துக்கே அளவெடுத்த மாதிரி வந்து சேர்ந்தது.

“பேசாம தையலே கத்துக்கலாமே அண்ணி,” என்றாள் என்னோடு இருக்கும் நாத்தனார்.

“நீ கத்துக்கோ. நான் போட்டுக்கிறேன்.”

படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பன்னிரண்டு வீடு முடிக்க எட்டு நாள் பிடித்தது. ஒருத்தி முக்கால் மணி நேரம் அழுதுவிட்டுப் பேனா கேட்டாள். ஒரு வீட்டில் காபி கொடுத்து, பழைய சண்டையையும் கொடுத்து, கையெழுத்தையும் கொடுத்தார்கள். லாரி டிரைவரின் மனைவி மட்டும், “எனக்கும் தையல் வராதுதான். நாளைக்கு நான் லாரி கேட்டா நீ போடுவியா?” என்றாள்.

“கேளு, ரெண்டு கையாலயும் போடறேன்.”

மிச்சம் ஒரு வீடு, இரண்டு நாள்.

பதின்மூன்றாம் வீட்டுக்காரர் ஒரு பழைய தபால்காரர். மனைவி இல்லை. ஒரே மகளும் குண்டுவெடிப்பில் போய்விட்டாள். அறக்கட்டளையிலிருந்து யார் போனாலும் கதவைத் திறப்பதில்லை என்று கேள்வி. ஆயுசு முழுக்க ஊரார் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கின மனிதர், தன் கதவை மட்டும் திறக்க மாட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் யார் என்று சொன்னதும் ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

“சாவிக்கடைக்காரர் சம்சாரமா? என் பொண்ணு அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. கடைசியா போன் பண்ணினா. ‘அப்பா, அஞ்சு நிமிஷம்னு சொல்றார், வாங்கிட்டு வந்துடறேன்’னா. அஞ்சு நிமிஷம்! கால் மணி நேரம் கழிச்சுத்தான் குண்டு வெடிச்சுது. வீட்டுக்கு இருந்த ஒரே சாவியும் உன் வீட்டுக்காரர் கையிலயே போச்சு. நாலு மாசமா வீட்டைப் பூட்டிட்டு ஒரு இடம் போக முடியல எனக்கு. உனக்குக் கையெழுத்து வேணுமா?”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அன்று நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் மேல் பழி போடுகிறாரே கிழவர் என்று நாத்தனாரிடம் குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரே சாவி, அதுவும் இல்லை. எதிர்வீட்டம்மா வாங்கிக் கொடுக்கிற காய்கறியில் மனிதர் உள்ளேயே கிடக்கிறார். எங்கள் கடைக்கு வந்த வேலை அது. அரைகுறையாக நிற்கிறது.

மறுநாள் காலை அரம், மெழுகுவத்தி, வெட்டாத சாவி நாலு எடுத்துக்கொண்டு போய் அவர் வாசல்படியில் உட்கார்ந்தேன். வெட்டாத சாவியை மெழுகுவத்திப் புகையில் கருக்கி, கதவில் பதித்த பூட்டில் விட்டு மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே இடிக்கிற இடத்தில் கரி விலகிக் கோடு விழும். அந்த இடத்தை அரத்தால் ராவ வேண்டும். மறுபடி கருக்கு, மறுபடி விடு, மறுபடி ராவு. மெஷினும் பழைய சாவியும் இல்லாதவர்களுக்கு வேறு வழி கிடையாது.

“யாரது பூட்டை நோண்டறது?”

“சாவிக்காரிதான். உங்க பொண்ணு குடுத்த வேலை பாக்கி இருக்கு.”

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நான் கேக்கலையே. வேலையைப் பாக்க விடுங்க.”

முதல் சாவி கெட்டுப்போயிற்று. கோபத்தில் கூடுதலாக ராவிவிட்டேன். இரண்டாவது பாதி வரை வந்து உடைந்தது. வெயில் படிக்கு ஏறிவிட்டது. உள்ளே அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பது மூச்சில் தெரிந்தது. அந்தக் கதவைப் பார்த்துப் பேசுவது, ஏனோ, ஆளைப் பார்த்துப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்தது.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து சொல்லல. இந்தப் பூட்டுச் சாவிக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது. இருவது நிமிஷம் ஆகும். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனா யார் வந்தாலும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்வார். நெசத்தைச் சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்களே. நானும் அப்படித்தான் சொல்வேன். பதினோரு வருஷமா ரெண்டு பேரும் சொன்ன பொய்தான். அன்னைக்கு உங்க பொண்ணை நிக்க வெச்சது அந்தப் பொய்தான். மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. ஆனா இதைச் சொல்லாம இந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

அழுதுகொண்டே ராவினால் மூன்றாவதும் போய்விடும் என்று அரத்தைக் கீழே வைத்துவிட்டு அழுது முடித்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

மூன்றாவது சாவி திரும்பியது. பூட்டு கடக்கென்று விழுந்தது, மறுபடி திருப்பியதும் திறந்துகொண்டது. ஆனால் கதவு நகரவில்லை.

“என் வேலை முடிஞ்சுது ஐயா. தாழ்ப்பாள் உங்க பக்கம் இருக்கு.”

நான் அரத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன். அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவர் வெயிலில் கண்ணைச் சுருக்கினார். கதவைச் சாத்தி, சாவியைத் தன் கையாலேயே விட்டுப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

“அவ நேரா வீட்டுக்குத்தான் வர்றதா இருந்தாம்மா,” என்றார் பூட்டைப் பார்த்தபடியே. “என் சாவியை நான் தொலைச்சுட்டேன். உன்னுதைக் குடுத்து இன்னொண்ணு போட்டுட்டு வந்துடுன்னு நான்தான் சொன்னேன். உன் வீட்டுக்காரர் மேல சொன்னேனே தவிர, இத யார்கிட்டயும் சொல்லல.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையிலும் மெழுகுக் கரி.

அவராகத்தான் படிவத்தைக் கேட்டார். சுவரில் வைத்து, கோடு கோணாமல், தபால்காரர் எழுத்தில் மெதுவாக எழுதிக் கொடுத்தார். தெருமுனைக்கு வந்துதான் பார்த்தேன். தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மகளின் பெயரை எழுதியிருந்தார்.

திரும்பிப் போய்த் திருத்தி வாங்கியிருக்கலாம். கால் வரவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய் மேசையில் வைத்தேன். செயலாளர் பதின்மூன்றாவது வரியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“அம்மா, இது... இறந்துபோன பொண்ணோட பேராச்சே.”

“ஆமா சார். அந்த வீட்டுல இதைவிடப் பெரிய கையெழுத்து கிடையாது. செல்லாதுன்னா, நீங்களே போய் அவர்கிட்டச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். பிறகு முத்திரையை எடுத்துப் படிவத்தில் அழுத்தினார்.

“மெஷின் என்னைக்கும்மா வேணும்?”

“இன்னைக்கு.”