முப்பத்தொன்றாவது தந்தி

சவரிநாதனுக்கு இருந்த வியாதியைச் சொன்னால் சிரிப்பீர்கள். தந்தி ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு வராத தந்தியெல்லாம் கேட்டது. சேதி வந்தால் டக் டக்கென்று அடிக்க வேண்டிய கருவியின் பித்தளைக் கை அசையாமல் கிடக்கும். அவன் காதில் மட்டும் டக் டக்கென்று அடிக்கும். அடிப்பது நல்ல சேதியாகவாவது இருக்கக் கூடாதா? இன்னார் செத்தார், இன்னார் ஆற்றோடு போனார், எல்லாம் உன்னால்தான் என்று அடிக்கும். ஆபீசை விட்டு இறங்கினால் அதுவே ஆண் குரலும் பெண் குரலுமாக மாறி, ஆபீஸ் இருந்த தெப்பக்குளத்திலிருந்து வீடு இருந்த பாலக்கரை வரை அவன் பின்னாலேயே பேசிக்கொண்டு வரும்.

அம்மா ரோசரியம்மாளுக்கு இது தெரியும். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுப் பார்த்தாள், மந்திரித்தும் பார்த்தாள். குரல்கள் மொட்டைக்கும் அசையவில்லை, மந்திரத்துக்கும் அசையவில்லை. ஊருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது, தம்பி ஸ்தனிஸ்லாஸ் படித்தான். அதனால் தாயும் மகனும் காதும் காதும் வைத்தாற்போல் பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

ஆபீசில் தெரிந்தவர் ஒருவர்தான், தந்திகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பஷீர் அகமது. சவரிநாதன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஸ்ரீரங்கம் உத்தர வீதி அழகிரி ஐயங்கார் மதராசில் காலமாகிவிட்டார் என்று அவர் சம்சாரத்துக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்தான். சேதி இன்னதென்று பாயிடம் வாயாலும் சொல்லி அனுப்பினான். பாய் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினால், ஐயங்காரே வந்து திறந்து, "யாருக்குத் தந்தி, பாய்?" என்றார்.

"வீடு மாறி வந்துட்டேன் சாமி" என்று பாய் திரும்பிவிட்டார். காகிதத்தை மேஜையில் வைத்து, "சாமி நல்லா இருக்காருங்க சார். இதைக் கிழிச்சிடுங்க" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை, வெளியேயும் மூச்சு விடவில்லை. அப்படி ஒரு மனுஷர்.

அன்றைக்குத்தான் சவரிநாதன் ஒரு வழி கண்டுபிடித்தான். அடிக்கிற சத்தம் கேட்டால் இடது கை விரலைப் பித்தளைக் கைமேல் வைப்பான். விரலில் அதிர்ந்தால் வந்த தந்தி, எழுதலாம். அதிராவிட்டால் அவனுக்கு மட்டும் கேட்ட தந்தி, பேசாமல் இருந்துவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லி மதராசைக் கேட்பான்.

அதுவே வினையாயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் புதிதாக வந்த போஸ்ட்மாஸ்டர் ரங்கசாமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர். அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்புன்னு நீங்க நச்சரிக்கிறதா மதராஸ்லேருந்து புகார் வந்திருக்கு. காதுல கோளாறா, தலையில கோளாறா? இன்னொரு புகார் வந்தா உங்களை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவேன்."

டாக்டர்கள் முன்னால் போய் நின்றால் குட்டு உடைந்துவிடும்.

இதற்கு நடுவில் ஸ்தனிஸ்லாஸ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தான். அவன் ரயிலேறிய நாளிலிருந்தே, அவன் செத்துப்போனதாக அண்ணன் காதில் வாரத்துக்கு மூன்று தரம் தந்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் விரலை வைத்துப் பார்ப்பான். அதிராது. மூச்சு திரும்பிவரும்.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டேகால் மணிக்கு மறுபடியும் அந்தத் தந்தி வந்தது. பெறுபவர் ரோசரியம்மாள், பாலக்கரை. உங்கள் மகன் ஸ்தனிஸ்லாஸ் போர்முனையில் உயிர் நீத்ததை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். சவரிநாதன் விரலை வைத்தான். விரல் அதிர்ந்தது.

ஆனால் தம்பி பேரைக் கேட்டதுமே அவன் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதிர்ந்தது பித்தளையா, தன் கையா? "பாய்" என்று கூப்பிட்டான். பஷீர் அகமது எழுந்து வருவதற்குள் கருவி ஓய்ந்துவிட்டது. கை பழக்கத்தில் காகிதத்தில் எழுதியிருந்தது. இப்போது மதராசைத் திருப்பிக் கேட்டால் அது இன்னொரு புகார். கேட்காமல் இதை அனுப்பி, இது பொய்யாக இருந்தால் தெருவே கூடிவிடும், அதோடு வேலை போயிற்று. நிஜமான சாவுத் தந்தியைப் பிடித்து வைத்தாலும் வேலை போயிற்று. அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. அதுவரை அனுப்பிய தந்திகள் எத்தனை என்று மதராஸ் சொல்லும்; இந்தப் பக்கம் ஒத்துப்பார்க்க வேண்டும். பையில் இருப்பது புத்தகத்தில் ஏறாதது; மதராஸ் கணக்கு ஒன்று அதிகமாக இருந்தால் அது நிஜம். நாலு மணி வரை அவன் மற்ற தந்திகளை எழுதினான், ஒட்டினான், கொடுத்தான். குரல்களோ விடவில்லை. கொன்னுட்டியே, படிக்கவெச்சுக் கொன்னுட்டியே என்று ஒன்று சொன்னது. இன்னொன்று சிரித்தது. வேறு நாளாயிருந்தால் சகித்திருக்க மாட்டான். அன்றைக்கு, பேசுங்கள், இன்னும் பேசுங்கள் என்றிருந்தது அவனுக்கு; அவை பேசுகிற வரைக்கும் அந்தத் தந்தியும் அவற்றின் வேலையாக இருக்கலாமே.

நாலடித்தபோது புத்தகத்தில் முப்பது இருந்தது. சவரிநாதன் பாயை அழைத்து, அவர் விரலைப் பித்தளைக் கைமேல் வைக்கச் சொன்னான். தானும் காது கொடுத்தான்.

"அடிக்குதா பாய்?"

"அடிக்குதுங்க சார். நல்லா அடிக்குது."

முப்பத்தொன்று என்று அடித்தது.

பையிலிருந்ததை எடுத்து மேஜையில் வைத்தான். பாய்க்கு விலாசம் புரிந்தது. "இன்னாலில்லாஹி" என்று சாவுக்குச் சொல்லும் வார்த்தையை முணுமுணுத்து, ஒரு நிமிஷம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போஸ்ட்மாஸ்டரிடம் போய் நின்றபோது சவரிநாதன் எல்லாவற்றுக்கும் துணிந்துதான் போனான். ரங்கசாமி தந்தியைப் படித்தார், மணியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவன்னதும் கை ஓடலையாக்கும். யாருக்குத்தான் ஓடும்? தாமதத்துக்கு நான் எழுதிக்கிறேன். அன்னிக்குச் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

"சரிங்க சார்" என்றான் சவரிநாதன். தம்பி செத்து அண்ணன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். அந்தச் 'சரிங்க சார்' அவன் வாயில் கசந்தது.

பாய் தானே கொண்டுபோவதாகச் சொல்லியும் கேட்காமல் அவனே நடந்தான். பாலக்கரை வீட்டில் ரோசரியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மகன் வேளையில்லாத வேளையில் வந்து நின்றதைப் பார்த்தாள். கையிலிருந்த உறையையும் பார்த்தாள்.

"ஸ்தனிசுக்கா?"

அவன் தலையசைத்தான்.

அவள் அழவில்லை. முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக எந்தக் குரல் ஒழியட்டும் என்று கோயில் கோயிலாக அலைந்தாளோ, அந்தக் குரலுக்காக இப்போது கெஞ்சினாள்.

"நிஜமா வந்ததா, உனக்கு மட்டும் கேட்டதாப்பா?"

"பாய் தொட்டுப் பார்த்தாரும்மா."

"பாய்க்கு என்னப்பா தெரியும்? உனக்குக் கேட்டதுதான்னு சொல்லிடு. உனக்கு இன்னும் குணமாகலைன்னு சொல்லு. நான் சந்தோஷமா இருந்துக்கறேன். சொல்லுப்பா."

சவரிநாதனும் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரு குரலும் பேசவில்லை.