நிறம் பிடிக்காத துண்டு

ஆவி அடங்குவதற்குள் குக்கரின் மூடியைத் திருகப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆய்வகத்தில் குக்கர் இருக்கிறது என்றால் வெளியாட்கள் சிரிப்பார்கள். உள்ளே வேகிறது சோறல்ல, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மிக மெல்லிய சதைத் துண்டு. கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறவைத்து இறுகிப்போன சதையை வேகவைத்தால்தான் சாயம் இறங்கும். இந்தத் தடவை வழக்கத்தைவிட அதிக நேரம் வேகவிட்டேன். உள்ளே இருந்தது என் தங்கச்சியின் கருப்பையை ஒட்டி, சினைப்பையில் வளர்ந்திருந்த கட்டி.

சொந்தக்காரர்களின் சதையைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். தகடுகளைப் பார்த்து முடிவு எழுதும் டாக்டரம்மாவிடம் மல்லுக்கட்டி வாங்கிக்கொண்டேன். வேறு யாரிடமாவது கொடுத்து அவர்கள் சொதப்பிவைத்தால்? இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான் இருக்கும்போது?

விஷயம் இதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இழை நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். வேண்டிய இடத்தில் அதைத் தளர்த்தவும், வேண்டாதபோது இறுக்கவும் ஒரு புரதக் கூட்டம் ஓயாமல் வேலை செய்கிறது. அதில் ஒரு புரதத்தின் மரபணு உடைந்துபோனால் அந்த ஆளே வேலைக்கு வருவதில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று செல்லுக்குப் பிடிபடாமல் போய், கண்மண் தெரியாமல் பெருகுகிறது. நாங்கள் போடும் சாயம் அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும். புரதம் இருந்தால் செல்லின் நடுவிலுள்ள உட்கரு பழுப்பாகும். இல்லாவிட்டால் பின்னணிக்காகப் போடும் வெறும் நீலம்தான்.

கட்டி எங்களிடம் வந்த அன்றே தங்கச்சியிடம் இதையெல்லாம் சொல்லித் தொலைத்திருந்தேன். பழுப்பு வந்தால் மருந்துக்குக் கேட்கிற வகையாக இருக்கலாம் என்றேன். நீலம் வந்தால் என்ன என்பதை விழுங்கிவிட்டேன். அவள் தலைமுடிக்குச் சாயம் போடும் கடை வைத்திருப்பவள். கையுறை போட்டால் முடி பேசுவது காதில் விழாதாம். அதனால் நகக்கண்களில் எப்போதும் பழுப்பு. “கடைசியில நீயும் என் தொழிலுக்கே வந்துட்டியாக்கா” என்று சிரித்தாள். முப்பதுகூட ஆகவில்லை, சிரிக்கிற வயதுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுப் போட்ட முதல் தகடு நீலம். தகட்டின் ஓரத்தில் சரிபார்ப்பதற்காக ஒட்டிய வேறு யாருடைய சதையோ ஒழுங்காகப் பழுப்பாகியிருந்தது. ஆகவே சாயத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் கட்டி, விடுமுறை முழுக்க ஃபார்மலினில் கிடந்திருந்தது. அளவுக்கு மீறி ஊறினால் புரதம் இருந்தாலும் சாயத்துக்கு முகம் காட்டாது. அப்பாடா, குற்றவாளி சிக்கிவிட்டான் என்று புதிய துண்டு சீவினேன். அதைத்தான், இறுக்கம் தளரட்டும் என்று கூடுதல் நேரம், கையைச் சுட்டுக்கொண்டு வேகவைத்தேன்.

அதுவும் நீலம்.

டாக்டரம்மாவிடம் போய் ஃபார்மலினைத் திட்டினேன், விடுமுறை விட்டவர்களைத் திட்டினேன், மூன்றாவதாக ஒன்று போடுகிறேன் என்றேன். அவர், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியின் எதிரில் என்னை உட்காரச் சொன்னார். தகட்டை மெல்ல நகர்த்தினார். நீலம், மறுபடி நீலம், இடித்துக்கொண்டு நிற்கும் நீலம். பிறகு கட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் வந்தது. அதன் சுவரில் வரிசையாகப் பழுப்பு உட்கருக்கள்.

“இதுவும் அவ சதைதாம்மா. அதே ஃபார்மலின்லதான் கிடந்துச்சு.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். கட்டியைப் பார்க்காதே, ரத்தக்குழாயைப் பார். நல்ல செல் நிறம் பிடித்திருந்தால் சாயம் தன் வேலையைச் செய்துவிட்டது, கட்டியில் இல்லாதது நிஜமாகவே இல்லாததுதான். இரண்டு தகட்டிலும் நான் கட்டியின் நட்டநடுவை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓரத்துக்குப் போய்விடாமல் என் கை பார்த்துக்கொண்டது. இது மருந்துக்கு அடங்காத வகை என்று டாக்டரம்மா வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதைக் கொட்டத்தான் ஆள் இல்லை.

தங்கச்சி வெளியே பெஞ்சில், வயிற்றுத் தையலைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன கலர்க்கா?”

“சரியாப் பிடிக்கல. இன்னொரு தடவ போடணும்.”

என் முகத்தையே பார்த்தாள். நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள்.

“எத்தன தடவ போட்ட?”

“ரெண்டு.”

“ரெண்டு தடவ போட்டும் பிடிக்கலன்னா நான் மூணாவது போடமாட்டேன்க்கா. கடைக்கு வந்தவங்ககிட்ட பிடிக்காதுன்னு சொல்லிடுவேன்.”

என் விரலில் கொப்புளம் எழும்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். எப்படிச் சுட்டுக்கொண்டாய், பார்த்துச் செய்யக் கூடாதா என்று சின்னக் குழந்தையைக் கடிவதுபோல் கடிந்துகொண்டாள். கையை இழுத்து மடியில் வைத்து ஊத ஆரம்பித்தாள். என் கையைப் பிடித்திருந்த அவளுடைய ஒவ்வொரு நகத்தின் ஓரத்திலும், எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தப் பழுப்பு, அழுத்தமாக, நன்றாகப் பிடித்திருந்தது.