பன்னிரண்டாவது வரிசை ஜன்னலோரம்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பக்கத்து மேசைக்காரி காபி குடிக்கப் போன நேரம் பார்த்து, நான் ஒரு இருக்கையைத் திருடினேன். என் கணவர் வேலை பார்க்கும் ஊரிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பி எங்கள் ஊருக்கு வரும் விமானத்தில், பன்னிரண்டாவது வரிசை ஜன்னலோரம். திருடுவது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணினியில் அந்த இருக்கையின்மேல் ஒரு பூட்டு போட்டால் போதும், பிறகு அதை யாரும் வாங்க முடியாது. ஏன் பூட்டுகிறாய் என்று கணினி கேட்கும். ‘பெல்ட் பழுது’ என்று எழுதினேன். பதினோரு வருட வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது.

என் வேலையே இருக்கைகளை விற்பதுதான். கட்டணம் போடும் அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். விமானம் நிரம்பாவிட்டால் விலையை ஒரு படி இறக்குவோம், நிரம்பினால் இரண்டு படி ஏற்றுவோம். “காத்தை ஏத்திக்கிட்டுப் போறதுக்கா நான் விமானம் வாங்கினேன்?” என்பார் எங்கள் முதலாளி. இரண்டே விமானங்களோடு ஆரம்பித்த மனுஷன். இன்றைக்கு முப்பத்தொன்று. பேருந்தில் கால் மடக்கி உட்கார்ந்து போன ஜனங்களை எல்லாம் ஆகாயத்தில் கால் மடக்கி உட்கார வைத்துவிட்டார். அதில் என் பங்கும் உண்டு. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, கடைசி ஒரு மணி நேரத்தில் மீந்த இருக்கைகளை எப்படித் தள்ளிவிடுவது என்று சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. எழுபத்திரண்டு இருக்கைகளில் பதினொரு பேர், சில நாள் ஏழு பேர். நான் கவுன்ட்டரில் நின்றேன், என் கணவர் மெக்கானிக். ஊழியர்களுக்கு ஒரு சலுகை உண்டு: இடம் காலியாக இருந்தால் சும்மாவே போகலாம். அப்போது காலியைத் தவிர வேறென்ன இருந்தது? விடுமுறை நாளில் கிளம்பிப்போய், ஏதோ ஒரு ஊரில் டீ குடித்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பி வருவோம். அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை என்று கால் நீட்டிக்கொண்டு வருவோம். கம்பெனி இன்னும் ஆறு மாதம் தாங்காது என்று ஊரே பேசியது. நாங்கள் அந்த ஆறு மாதத்தில் கல்யாணமே பண்ணிக்கொண்டோம்.

கம்பெனி தாங்கியது, தாங்கியதோடு நிற்காமல் வளர்ந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகையை வேறொரு ஊரில் கட்டி, மூன்று வருடத்துக்கு முன் அவரை அங்கே அனுப்பினார்கள். சாலை வழியாகப் பதினான்கு மணி நேரம், ஆகாயத்தில் ஐம்பது நிமிடம். விடுமுறையோ சனிக்கிழமை ஒரு நாள்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். வெள்ளி மாலைக் கட்டணத்தைப் போடுகிறவள் நான். அது எங்களைப் போன்றவர்களுக்கானது இல்லை என்று எனக்குத் தெரியாதா? நாலு மணிக்கே போய்க் கவுன்ட்டர் ஓரமாக நிற்பார். விமானம் நிரம்பிவிடும். திரும்பி அறைக்குப் போய்விடுவார். ஆறு வெள்ளிக்கிழமை இப்படியே போயிற்று. “உங்க கம்பெனி கொழுக்குது, என் புள்ள இளைக்கிறான்” என்றார் அத்தை. மாமியார் பேச்சில் குத்தல் இல்லாமல் இருக்குமா? எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

கணக்கு சுலபம். நாலே முக்காலுக்குக் கவுன்ட்டரை மூடும்போது பூட்டை எடுத்துவிடுவேன். ஒரு இடம் காலி விழும். காத்திருப்போர் பட்டியலில் பழைய ஊழியருக்குத்தான் முதல் உரிமை. அவரைவிடப் பழைய ஆள் யார்? அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால், பயணிக்கு விற்க வேண்டியதை எனக்கு எதற்கு வைத்தாய் என்று அரை மணி நேரம் நியாயம் பேசுவார்.

நாலே முக்காலுக்குப் பூட்டை எடுத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு, வழியில் முகம் கழுவிக்கொண்டு, விமான நிலையத்துக்கே போய்விட்டேன். ஐந்தரைக்குப் போன் வந்தது.

“ஏம்மா, இன்னைக்கும் வர முடியல.”

“ஏன், இடம் விழலயா?”

“அதான் கூத்து. ஒரு சீட் விழுந்துச்சாம், என் பேரைத்தான் கூப்பிட்டாங்களாம். நான் அங்க இல்ல. போனும் லாக்கர்ல கெடந்துச்சு.”

“எங்க போனீங்க?”

“பன்னெண்டாவது வரிசையில பெல்ட் பழுதுன்னு காலையிலயே எழுதி வந்துருந்துச்சு. சரி பண்ணாம விட்டுட்டு எப்படிக் கௌம்புறது? விமானம் வந்ததும் ஏறிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருக்கு. எந்த மடையன் எழுதினான்னு தெரியல.”

கணினியில் எழுதுகிற பழுதெல்லாம் நேராகக் கொட்டகைக்குப் போகும். இது எனக்குத் தெரியாததா? பதினோரு வருடமாகத் தெரியும்.

“நானே உக்காந்து, பெல்ட்டை மாட்டி, இழுத்து இழுத்துப் பாத்தேன்” என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். “எத்தனை வருஷமாச்சு ஜன்னல் பக்கம் உக்காந்து! எந்திரிக்கவே மனசு வரல. அப்புறம் சனங்க ஏற ஆரம்பிச்சிட்டாங்க, எறங்கிட்டேன். பாரு, இப்பத்தான் மேல ஏறுது. பட்டியல்ல வேற யாரும் இல்லையாம், அந்த ஒரு சீட் காலியாவே வருது.”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

போனை வைத்த பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது, என்மேலேயே எரிச்சலும் வந்தது. எதிரே பலகையில் எழுத்துகள் மாறின. அவர் இல்லாமல் வருகிற அதே விமானம், பயணிகளை இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு அவர் ஊருக்கே திரும்பிப் போகிறது. ஆறேகாலுக்குக் கவுன்ட்டர் மூடுவார்கள். நானும் ஊழியர்தானே? இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. வருவது அவர் வேலை, காத்திருப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன்.

கவுன்ட்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் ஒரு தோள்பை மட்டும்.

“ரெண்டு சீட் இருக்கு மேடம். இப்பதான் விலையை எறக்கியிருக்காங்க. பேர் போட்டுடவா?”

இறக்கியது யார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நான் பழக்கிய பிள்ளை. கெட்டிக்காரன்.

“போடும்மா.”

ஆறு மணிக்கு இரண்டு. ஆறு ஐந்துக்கு ஒன்று. எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில், யாருக்கும் வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பயணி யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆறு பன்னிரண்டுக்கு வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு மனிதர், சக்கரம் உடைந்த பெட்டியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு, மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி, “ஒரு டிக்கெட் கெடைக்குமா?” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். கடைசி இடத்தில் என் பேரை ஏற்றப்போன கவுன்ட்டர் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன. அவள் என்னைப் பார்த்தாள்.