ஒரு பாட்டில் நன்னாரி

நோன்பின் ஐந்தாம் நாள் மாலை மணி வந்தான். என் கணவர் இனாயத்தோடு சிப்காட்டில் ஒரே வார்ப்பு மிஷினில் ஆறு வருஷம் நின்றவன். கையில் அவருடைய ஸ்டீல் பாட்டில் இருந்தது. ஒரு வருஷமாக அதைத் தன் லாக்கரில் வைத்திருந்திருக்கிறான்.

“வேலைய விட்டுட்டேங்க்கா. நாளைக்கு ஊருக்கு, சாமல்பட்டிக்கே போறேன். இத குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“பர்மனென்ட் ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே தம்பி.”

“ஆச்சுங்க்கா. அந்த மிஷின்கிட்ட நிக்க முடியல.”

உட்காரச் சொன்னேன். நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அடுப்பில் எனக்கு மட்டுமான கஞ்சி, ஒரு பிடி அரிசி, கொஞ்சம் பாசிப்பருப்பு, பூண்டு. தேங்காய்ப் பால் ஊற்றுவதை விட்டுவிட்டேன். அது அவருக்குப் பிடித்தது.

இனாயத்துக்குச் சர்க்கரை நோய். நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரண்டாம் ஷிப்டில் உலை முன்னால் நிற்பார். நோன்பு திறக்க நான் கட்டிக்கொடுப்பது நன்னாரி சர்பத். வேரைத் தட்டிக் கொதிக்கவைத்து, சர்க்கரைப் பாகு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, ஊறிய சப்ஜா விதையைப் போடுவேன். மணிக்கும் அதில் ஒரு டம்ளர் பங்கு உண்டு.

போன வருஷம் நோன்புக்கு முன் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. இனிப்பில்லாமல் கொடுத்தால் அவர் தொடமாட்டார். அதனால் மெடிக்கலில் இனிப்பு மாத்திரை வாங்கினேன், சர்க்கரை வியாதிக்காரர்கள் டீயில் போடுவது. ஒரு பாட்டிலுக்கு எட்டு. டப்பாவை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். முதல் நாள் குடித்துவிட்டு வந்து, “இந்த வருஷம் உன் கைப்பக்குவம் ஒரு படி மேல, ஷம்ஷாத்” என்றார். ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் திரும்பி நின்று சிரித்தேன்.

“பதினெட்டாம் நோன்புங்க்கா அன்னிக்கு,” என்றான் மணி. “அஞ்சரைக்கே பாய்க்கு கை நடுங்குச்சு. சட்டையெல்லாம் வேர்வை. இப்பவே குடிங்க பாய்னு பாட்டில தொறந்து நீட்டுனேன். ‘மத்தியானம் ஆறு இட்லி தின்னவன் என் நோன்ப முறிக்கப் பாக்கறான் பாரு’ன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச் சிரிக்கிறாரு. நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன்.”

அவன் சொன்ன மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். பாங்கு நேரத்தில் அவரால் பேரீச்சம்பழத்தை மெல்ல முடியவில்லை. மணி சர்பத்தை அவர் வாயில் வைத்துக் கொடுக்க, முழுப் பாட்டிலையும் குடித்திருக்கிறார். இனிப்பு உள்ளே போய்விட்டது, இனிச் சரியாகிவிடும் என்று ஸ்டோர் ரூமில் படுக்கவைத்திருக்கிறார்கள். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு மணி நேரம் எழுப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கேட்டார், இனிப்பாக எதுவும் கொடுத்தீர்களா என்று. “ஒரு பாட்டில் சர்பத் சார், முழுசா” என்றான் மணி. “அப்படின்னா இன்னும் முன்னாடியே கொடுத்திருக்கணும்” என்றார் அவர். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். முந்தானை நுனி என் வாய்க்குள் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்தது. நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

“டாக்டர் சொன்னது காதுலயே இருக்குங்க்கா. நான் அன்னிக்கு சிரிக்காம வாயப் புடிச்சு ஊத்தியிருந்தா, பாய் இன்னிக்கு இங்க உக்காந்திருப்பாரு.”

எழுந்து சமையலறைக்குப் போனேன். நன்னாரி வேர் கொஞ்சம் மீதி இருந்தது. கொதிக்கவைத்து ஆற்றி, எலுமிச்சை பிழிந்து, அரிசி டின்னிலிருந்து டப்பாவை எடுத்து இரண்டு மாத்திரை போட்டேன். தூக்கி எறியாமல் ஏன் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

மணி ஒரு வாய் குடித்தான். “அதே ருசிங்க்கா.”

டப்பாவை அவன் முன்னால் வைத்தேன். “சர்க்கரையே போடல தம்பி. இதுலயும் இல்ல, அன்னிக்கும் இல்ல. அஞ்சரைக்குக் குடுத்திருந்தாலும் அது வெறும் தண்ணிதான்.”

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் போல வெகுநேரம் அதன் மேலேயே கண்ணை வைத்திருந்தான்.

“பாய்க்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஆஸ்பத்திரியில நீங்க பக்கத்துலதான நின்னீங்க?”

“ஆமா.”

“ஒரு வருஷங்க்கா.” குரலை உயர்த்தவில்லை. “எம் பொண்டாட்டி ராத்திரியில எழுப்பி எழுப்பித் தண்ணி குடுத்தா. ஒரு வருஷம்.”

டம்ளரை மேஜையில் வைத்தான். அதில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. தட்டில் பேரீச்சம்பழம் இருந்தது. என் கை அதன் பக்கம் போகவில்லை. மணி எழுந்து, தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

“வாய்ல போடுங்க,” என்றான். “லேட் பண்ணாதீங்க.”

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். நாளைக்கு ஊருக்குப் போகிறானா, மிஷினுக்குத் திரும்புகிறானா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. பழத்தை வாயில் போட்டேன். மென்று முடிக்க நேரமாயிற்று.