தெரிந்தவர் இல்லாத தீவு

ஏதென்ஸில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. எந்தத் தீவு என்றுதான் கேட்பார்கள். ஆர்கிரோவிடம் மட்டும் பதினெட்டு வருடங்களாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் புருஷன் ஸ்டெஃபானிஸ் நாக்ஸோஸ்காரன். கல்யாணமான நாளிலிருந்து ஆகஸ்ட் என்றால் நாக்ஸோஸ், நாக்ஸோஸ் என்றால் மாமியார் வீடு.

மாமியார் கலியோப்பியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்ல மனுஷி. ஆனால் அந்த வீட்டுக்கு வந்து போகிற கூட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மாமியாரின் தங்கைகள், அவர்களுடைய கணவன்மார், கொழுந்தன் குடும்பம், என்ன உறவு என்று யாருக்குமே சரியாகத் தெரியாத இரண்டு கிழவர்கள். சாப்பாட்டு மேசையில் பதினான்கு தட்டுக்குக் குறைந்து ஆர்கிரோ பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைதான். அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க அவளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வாசலுக்கு வாசல் ஒரு சித்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் இளைத்துவிட்டாய், முடியை ஏன் வெட்டினாய், ஒரே பெண்ணோடு ஏன் நிறுத்திவிட்டாய் என்று வரிசையாகக் கேட்டு, பாகில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டுத்தான் அனுப்புவாள். கடலைப் பார்ப்பதற்குள் வயிறும் மனசும் நிறைந்துவிடும்.

அவளுக்கு வேலை நகராட்சியில், புகார் வாங்கும் ஜன்னலில். பதினோரு மாதம் ஊரார் பேச்சு, பன்னிரண்டாவது மாதம் உறவுக்காரர் பேச்சு. இந்த வருடம் மகள் தோழிகளோடு கூடாரம் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் கிளம்பிவிடுவதாகச் சொன்னதும் ஆர்கிரோவுக்குத் துணிச்சல் வந்தது. ஒரு சாயங்காலம், பால்கனியில் தர்ப்பூசணியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லியேவிட்டாள்.

"இந்த ஆகஸ்ட்ல எனக்குப் பத்து நாள் வேணும். என் பேரு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்லாத இடத்துல."

"நான்?"

"நீ வரலாம். பேசாம வரணும்."

ஸ்டெஃபானிஸ் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவனுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். கடைசியில், ஆகஸ்டில் ஏதென்ஸ் லிஃப்ட்டெல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப்போகிறது, முதல் பத்து நாள் லீவு இல்லை, பதினைந்தாம் தேதி மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவோம் என்று தொலைபேசியில் அவிழ்த்துவிட்டான். அம்மா நம்பிவிட்டாள், அல்லது நம்பின மாதிரி இருந்தாள்.

பிறகு ஆர்கிரோ தீவுகளின் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாரோஸில் சித்தி மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது. சீரோஸில் கப்பல் பட்டறையில் ஒரு மருமகன். டீனோஸுக்கு வேண்டுதல் என்று பாதி நாக்ஸோஸ் போய் வரும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் மூலையில் அனாஃபி மிஞ்சியது. கப்பலே யோசித்து யோசித்துத்தான் அங்கே போகும். இணையத்தில் தேடினாள். வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், எதிரே கடல் என்று ஒரு அறை கிடைத்தது. பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"இரு, இரு," என்றான் ஸ்டெஃபானிஸ். "படத்துல எல்லா ரூமும் கடலப் பாத்துதான் இருக்கும். போய் நின்னா கழுதைக் கொட்டடியப் பாக்கும். தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

இதுதான் நம் ஆட்களின் வியாதி. பல் பிடுங்கவும் நமக்குத் தெரிந்த டாக்டர் வேண்டும், செருப்பு வாங்கவும் தெரிந்த கடைக்காரன் வேண்டும், செத்தால் புதைக்கவும் தெரிந்த பாதிரியார் வேண்டும். காசு குறையும் என்பதற்காக அல்ல. முன்பின் தெரியாதவன் நல்லதே கொடுத்தாலும் ஏமாந்துவிட்டோம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆர்கிரோவும் இதே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே. யாரையும் தெரியாத தீவுக்குப் போவதற்கே தெரிந்தவரைப் பிடிக்கிறோமே என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. சரி, கேள் என்றுவிட்டாள்.

ஸ்டெஃபானிஸ் முடிவெட்டுகிற தனாசிஸிடம் கேட்டான். தனாசிஸின் மச்சான் கப்பலில் கயிறு கட்டுகிறவன். மச்சான் அனாஃபித் துறையில் இறங்கி ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டான். ரொட்டிக்கடைக்காரர், ஸம்பெட்டா என்ற விதவையிடம் ஐந்து அறைகள் இருப்பதாகவும், கோயில் மாதிரி சுத்தமாக வைத்திருப்பதாகவும் சொன்னார். மூன்றே நாளில் பதில் வந்துவிட்டது, இருப்பதிலேயே நல்ல அறை, கடலைப் பார்த்த அறை ஒதுக்கியாகிவிட்டது என்று. ஆனால் யாருக்கு என்று தெரியாமல் அறையை ஒதுக்குகிற பழக்கம் எந்தத் தீவிலும் கிடையாது. அதனால் விவரமும் அதே வழியில் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்டெஃபானிஸ், அப்பா பெயர் மார்க்கோஸ், ஊர் நாக்ஸோஸில் அப்போலோனாஸ்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் கூப்பிட்டாள். ஆர்கிரோதான் எடுத்தாள். கலியோப்பிக்குக் கோபமே இல்லை. ஸம்பெட்டா அப்போலோனாஸில் பிறந்தவளாம், பள்ளிக்கூடத்தில் கலியோப்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளாம், கல்யாணமாகி அனாஃபிக்குப் போனபின் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லையாம், அறை யாருக்கு என்று தெரிந்ததும் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாளாம். அம்மாவை அவளிடம் அழைத்துப்போய் ஆச்சரியப்படுத்தத்தான் பிள்ளை லிஃப்ட் கதை விட்டிருக்கிறான் என்று கலியோப்பி தானாகவே முடிவுகட்டியிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் தங்கைகளிடம் சொல்லியிருக்கிறாள். தங்கைகள் தெருவுக்கே சொல்லியிருக்கிறார்கள். ஸம்பெட்டா மீதி நான்கு அறைகளையும் மற்றவர்களுக்கு இல்லை என்று வைத்துவிட்டாள். மொத்தம் பதினொரு பேர், திருவிழாவுக்குள் திரும்பிவிடலாம், ஆட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

சமையலறை வாசலுக்கு வந்த ஸ்டெஃபானிஸ் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். ஆர்கிரோவின் பத்து நாள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வரும், இல்லையென்றால் ஏதாவது அசிங்கமாக வரும். இரண்டும் வேண்டாமென்று, ஜன்னலில் புகார்க்காரர்களிடம் கேட்டுப் பழகிய பழக்கத்தில் ஒரு விவரம் கேட்டாள்.

"எல்லாருமேவா வர்றாங்க, அத்தை? வாசல்ல உக்கார்ற சித்திங்களுமா?"

"எல்லாரும்தான். தெருவே காலியாயிடும். கோழிக்குத் தீனி வைக்க, தக்காளிக்குத் தண்ணி விடத்தான் ஆள் இல்ல. நான் வேணா நின்னுக்கறேன், நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க. எனக்குப் பழக்கம்தானே."

தெருவே காலி. ஆர்கிரோ அந்தத் தெருவை ஒருமுறை மனசுக்குள் நடந்து பார்த்தாள். சரியாக ஐந்து நிமிடம்தான் ஆனது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நல்ல மருமகளின் குரலில் சொன்னாள்.

"நீங்க போங்க, அத்தை. எங்க ரூமையும் எடுத்துக்கங்க. வீட்ட நாங்க வந்து பாத்துக்கறோம்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மாட்டிக்கொண்டோம், கிழவி கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆர்கிரோ நினைத்தாள்.

"நாப்பத்தாறு வருஷமாச்சு நான் இந்த வீட்டுக்கு வந்து," என்றாள் கலியோப்பி. குரல் கரகரத்தது. "நீ போ, வீட்ட நான் பாத்துக்கறேன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல, கண்ணு."

ஆர்கிரோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பதினெட்டு ஆகஸ்டாக அந்தப் பதினான்கு தட்டை எண்ணி எண்ணிப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். அவள் கப்பலேறின பிறகு அவற்றை யார் கழுவினார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்காகப் போட்ட கணக்கைத்தான் வாய் சொன்னது, ஆனால் அந்த மனுஷி அதை வாங்கிக்கொண்ட விதத்தில் அவளுக்கே கண் கலங்கியது. இப்போது அதை உண்மையாகவே சொல்ல வேண்டும் போலிருந்தது, அதனால் இன்னொரு முறை சொன்னாள். போங்க, அத்தை, கோழியைப் பற்றிக் கவலைப்படாதீங்க என்றாள்.

கலியோப்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு, பயணத்துக்கு எல்லாம் தயார், ஒன்றுதான் இல்லை என்று இழுத்தாள். கடலில் குளிக்கிற உடுப்பு. ஐந்து நிமிட நடையில் கடல் இருந்தது, ஆனால் யாராவது பசியோடு வந்துகொண்டே இருந்தார்கள், இறங்க நேரம் வாய்க்கவில்லை.

"நான் வாங்கி அனுப்பறேன், அத்தை. என்ன கலர்ல வேணும்?"

வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கலியோப்பி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டது இங்கே கேட்டது.

"செவப்பு," என்றாள்.