பாராசூட் போடும் மூலை

என் மருமகன் மெலிஸ் நோவோசிபிர்ஸ்க்குக்கு வேலைக்குப் போனபோது என் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். கம்ப்யூட்டரை மட்டும் என் வீட்டில் வைத்தான். "மாமா, வித்துடாதீங்க. வந்து எடுத்துக்கறேன்" என்றான். வரமாட்டான் என்று எனக்கு அப்போதே தெரியும். போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்?

அதில் ஒரு விமான விளையாட்டு இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் மெலிஸுக்குப் பிடிக்காது. மிக்-21 விமானத்தை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பான். இறக்கை முக்கோணமாக இருப்பதால் அந்த விமானத்தை நாங்கள் பலலைக்கா என்போம், அது முக்கோண உடம்பும் மூன்று தந்தியும் உள்ள ரஷ்ய வாத்தியத்தின் பெயர். சோவியத் காலத்தில் எங்கள் காந்த் ஊர் விமானத் தளத்தில் அவை வரிசையாக நிற்கும். எந்தெந்த நாட்டிலிருந்தோ பையன்கள் வந்து ஓட்டிப் பழகினார்கள். நான் ஓட்டவில்லை. எட்டாவது முடிக்காதவனை யார் ஓட்டவிடுவார்கள்? என் வேலை பாராசூட் பொறுக்குவது.

பலலைக்கா தரையைத் தொடும்போது அசுர வேகத்தில் வரும். வாலடியிலிருந்து ஒரு பாராசூட் விரிந்து அதைப் பிடித்து நிறுத்தும். நல்ல பைலட் அந்தத் துணியை இழுத்துக்கொண்டே ஓடுபாதையைவிட்டு வெளியே வந்து, எங்கள் லாரி நிற்கும் மூலையில் கழற்றிவிடுவான். மற்றவன் நடுப்பாதையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவான். அடுத்தது இறங்குவதற்குள் நாங்கள் ஓடிப்போய் வாரவேண்டும். மழையில் நனைந்த துணி செத்த கன்றுக்குட்டி மாதிரி கனக்கும்.

ஆகவே அந்த விமானத்தின் பின்பக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பக்கம் எங்களுக்கு இல்லை. மெலிஸின் நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவை அதைத் திறந்தபோதுதான் பார்த்தேன், பைலட் உட்காரும் இடத்தில் உள்ளே எல்லாம் பச்சையும் நீலமும் கலந்த பெயிண்ட். அத்தனை வருஷம் வாலடியில் நின்றவனுக்கு உள்ளே என்ன நிறம் என்று தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க விழுந்தேன். பலலைக்கா மன்னிக்காது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கல் மாதிரி இறங்கும். பனி உருகும் நேரத்துக்கு ஒழுங்காக இறக்கப் பழகிவிட்டேன். வீட்டில் சொல்ல யாரும் இல்லை. மகள் போனில் கேட்பாள், "சாப்பிட்டீங்களா அப்பா, அடுப்பு அணைச்சீங்களா?" விமானம் இறக்கினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை மாலைகளில் ஒரு கூட்டம் சேர்ந்து பறக்கும். எல்லாரும் பலலைக்கா பைத்தியங்கள். புதிதாக வந்த அமெரிக்க விமானங்களைத் தொடமாட்டார்கள். ஃபெர்கானாவில் பஸ் ஓட்டும் ரவ்ஷான், அல்மாட்டியில் பொய்ப்பல் கட்டும் கனாத், இன்னும் சிலர். மெலிஸின் பெயரிலேயே நான் உள்ளே நுழைந்தேன். எந்த ஊர் என்று எழுதிக் கேட்டார்கள். நோவோசிபிர்ஸ்க் என்றேன். வயது கேட்டார்கள். மெலிஸின் வயதைச் சொன்னேன். முகம் தெரியாதவனுக்கு உண்மையைச் சொல்ல நான் என்ன முட்டாளா? பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லித்தான் என் பக்கத்து வீட்டுக்காரியை ஏமாற்றினார்கள். குரலைப் பிடித்துவைத்துக்கொண்டு ஏதேதோ செய்கிறார்களாம். மைக்கின் வாயில் பிளாஸ்திரி ஒட்டிவைத்தேன்.

ஆனால் பேசாமலும் பதில் சொல்லலாம். ரேடியோ பொத்தானை இரண்டு தடவை தட்டினால் மற்றவர்கள் காதில் டக், டக் என்று கேட்கும். சரி, ஆமாம் என்று அர்த்தம். நிஜ பைலட்டுகளும் அப்படித்தான் செய்வார்கள். என் மைக் ரிப்பேர் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

"ரவ்ஷான் அகா, அது ரன்வே, உங்க பஸ் ஸ்டாண்டு இல்ல. நடுவுல நிறுத்தி ஆள் ஏத்தறீங்களா?" என்பான் கனாத். அகா என்றால் அண்ணன்.

"ஏன், நீ ஏறணுமா? டிக்கெட் எடுடா."

ரவ்ஷான் எப்போதும் பாராசூட்டை நடுப்பாதையில்தான் போடுவான். விளையாட்டில் அது கொஞ்ச நேரம் கிடந்து தானாக மறைந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. நான் மட்டும் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய் மூலையில் போடுவேன்.

"இவனப் பாருடா, கல்யாணப் பொண்ணு மாதிரி துணிய இழுத்துக்கிட்டே போறான். டேய் மெலிஸ், அங்க யாருடா உனக்காக நிக்கறா?" என்றான் ரவ்ஷான்.

டக், டக்.

"ஆமாவாம். யாரோ நிக்கறாளாம். பொண்டாட்டிக்குத் தெரியுமாடா?"

அன்றிலிருந்து என் பெயர் பாராசூட். வாரம் முழுக்க என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம், "டேய் பாராசூட், தூங்கிட்டியா?", "டேய் பாராசூட், பின்னாடி பாரு, சாகப்போற."

ஒருநாள் புதிதாக ஒருவன் வந்தான். நிஜமாகவே மிக்-21 ஓட்டியவன் என்றான். இரண்டாவது வாரமே அது பொய் என்று தெரிந்துவிட்டது. "பறக்கத் தெரியலன்னா கத்துக் குடுப்போம். பொய் சொல்றவன் கூடப் பறக்க முடியாது" என்று கனாத் அவனை வெளியே தள்ளினான். என்னைத் தள்ளினால் சனிக்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும்.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன ஏப்ரலில் கனாத் சொன்னான், "காந்த்ல பூங்காவுல ஒரு பலலைக்கா நிக்குதாம். தொட்டுப் பாக்கலாமாம். மே மாசம் எல்லாரும் போவோம். பாராசூட், நீயும் வாடா. ரயில்ல ஏறிப் படுத்தா வந்து சேந்துடுவ."

நான் தட்டவில்லை.

"தட்ட மாட்டேங்கறான்."

"வீட்டுல அனுமதி வாங்கணும்ல" என்றான் ரவ்ஷான்.

அந்தப் பூங்கா என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது.

அவர்கள் வரும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, கம்பளிக் கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, விமானம் நிற்கும் பீடத்துக்கு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பார்த்துவிட்டு மேலே போய்விடலாம் என்றுதான் இறங்கினேன். ஐந்து பேர் வந்தார்கள். குரலை வைத்துத்தான் ஆளைப் பிடித்தேன். ரவ்ஷானை மலை மாதிரி நினைத்திருந்தேன், என் தோள்வரைதான் இருந்தான். கனாத்துக்குத் தொப்பை.

ரவ்ஷான் முன்சக்கரத்தில் கையை வைத்து நின்றான். "இத்தன நாளா நாம ஓட்டினது இதுதான்டா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"நீங்க இறக்கற லட்சணத்துக்கு இது உங்க மேல கேஸ் போடப்போகுது, தள்ளி நில்லுங்க" என்றான் கனாத்.

பிறகு என்னிடம் வந்தான். "அக்சகால், ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" தாடி நரைத்த பெரியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உன் போன்ல கை வெச்சா, உடைச்சுட்டேன்னு என் தலைல கட்டுவ."

"இது ஏற்கெனவே உடைஞ்சதுதான், பாருங்க கீறல. பயப்படாம எடுங்க."

வாங்கிக்கொண்டேன். விமானத்தின் பக்கவாட்டில் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற ரவ்ஷான் வால்பக்கம் ஒரு ஆள் அளவு இடம் விட்டு, காற்றில் ஒரு தோளைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்தான்.

"இங்க நம்ம பாராசூட் நிக்கறான்னு வெச்சுக்கோங்க."

"வராத பயலுக்கு இடம் எதுக்கு?" என்றான் கனாத்.

"இருக்கட்டும்டா."

திரையில் அந்த இடம் தெரிந்தது. காலியாக இருந்தது. மேலே, வாலடியில், பாராசூட் பெட்டி. போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நடந்து போயிருந்தால் ஆறேழு அடி. பொய் சொன்னவன் கூடப் பறக்க முடியாது என்று சொன்ன வாய் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது. நான் அழுத்தினேன்.

சுடச்சுட சம்சா கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அவர்கள் வண்டி திரும்பும்வரை பெஞ்சிலேயே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து பேசினார்கள்.

"போட்டோவப் பாத்தீங்களா? நம்ம மூஞ்சி பாதிதான் இருக்கு. வாலு முழுசா விழுந்திருக்கு. அந்தப் பாராசூட் பெட்டியில இருக்கற ஸ்க்ரூகூடத் தெரியுது" என்றான் கனாத்.

"கண்ணு தெரியாத கிழவரு, பாவம், விடுடா" என்றான் ரவ்ஷான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பிளாஸ்திரியைப் பிய்த்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியும்."

பிறகு கனாத், "யாருய்யா அது? எவனோ கிழவன் உள்ள வந்துட்டான். பாஸ்வேர்ட மாத்துங்கடா."

"மெலிஸ் பேருலதான்டா குரல் வருது."

"அப்ப திருட்டு. வெளிய தள்ளு."

இரண்டு வருஷமாக அவர்களோடு இருக்கிறேன், என் குரல் அவர்களுக்குத் திருடன் குரல். என்ன சொல்லி நிரூபிப்பது? பேப்பரா இருக்கிறது? பொத்தானை இரண்டு தடவை தட்டினேன்.

"பாராசூட்?" என்றான் ரவ்ஷான்.

டக், டக்.

"அப்ப பெஞ்சுல உக்காந்திருந்தது..."

டக், டக்.

ரவ்ஷான் சொன்னான், "மன்னிச்சுக்கங்க, அக்சகால். கூடவே நின்னிருந்தீங்க, எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

ஊரையும் வயதையும் சொன்னேன். மூலையில் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னேன். யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. கனாத்கூட, "பரவால்லங்க. ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே" என்றான். அன்று ரவ்ஷான் தன் பாராசூட்டை மூலைவரை இழுத்துக்கொண்டு வந்து என்னுடையதன் பக்கத்தில் போட்டான். யாரும் கல்யாணப் பொண்ணு என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். "அக்சகால், நீங்க முதல்ல இறங்குங்க." "அக்சகால், களைப்பா இருந்தா இன்னிக்கு விட்டுடலாம்." எல்லாரும் வரிசையாக மூலைக்கு வந்து துணியைப் போட்டார்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் மாதிரி. ஒருவரை ஒருவர்கூட அதிகம் திட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகள் பேசுகிற பேச்சு.

ஜூனில் ஒரு சனிக்கிழமை நான் முதலில் இறங்கினேன். பின்னால் கனாத் வந்துகொண்டிருந்தான். ஓடுபாதையின் சரியாக நடுவில் பாராசூட்டைக் கழற்றிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. விமானத்தையும் அங்கேயே நிறுத்தினேன். காதில் மாட்டியதை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டேய், அது என்ன உன் அப்பன் ரன்வேயா என்று ஒருவன் கத்தினால் போதும்.

கனாத் விமானத்தை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனான்.

"பரவால்லங்க அக்சகால். மெதுவா நகருங்க. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

நான் இரண்டு தடவை தட்டினேன்.