மனு வாங்கும் ஜன்னல்

பல்கலைக்கழகத்தில் உருண்டை டீச்சர் என்றால் தெரியாதவர் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான உருண்டைகளைக் கொட்டி, அடியிலுள்ள ஓட்டை வழியாக அவை எப்படி இறங்குகின்றன, எந்த நேரத்தில் அடைத்துக்கொள்கின்றன என்று பதினோரு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்த இயற்பியல் பேராசிரியை அவர். உறவுக்காரர்களிடம் இதை விளக்கப் போய் கேலிக்கு ஆளானதுதான் மிச்சம். அதிலும் கணவரின் அக்கா, சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவர், "இன்னும் கோலி விளையாட்டு முடியலையா?" என்று கேட்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

அந்த நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதுவுமே கேட்காமல் வந்து தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். வழக்குகள் ஏன் இழுத்துக்கொண்டே போகின்றன என்று இரண்டு வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். சட்டப் பிரிவுகளையெல்லாம் சலித்துப் பார்த்தாகிவிட்டது. கடைசியில், முதல் தாமதம் நீதிபதியிடம் போவதற்கு முன்பே, மனு வாங்கும் ஜன்னலிலேயே தொடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்.

"வழக்கு உள்ளே நுழையவே மூணு நாள் ஆகுதும்மா. நீயே பாரு" என்று போனை நீட்டினார்.

வீடியோவில் ஒற்றை ஜன்னல். அதை மொய்த்துக்கொண்டு நூறு பேர். முன்னால் இருப்பவர் கையை உள்ளே நீட்ட முடியவில்லை. வேலை முடிந்தவர் வெளியே வர முடியவில்லை.

டீச்சர் துள்ளி எழுந்துவிட்டார். "அண்ணி, இது என் பெட்டி!"

"என்னடி சொல்றே?"

"என் உருண்டைங்களும் இப்படித்தான் அடைச்சுக்கும். ஒண்ணு தோள்மேல ஒண்ணு சாஞ்சு வளைவு மாதிரி நின்னுடும். பின்னாடி தள்ளத் தள்ள இன்னும் இறுகும். ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கம்பியை நட்டா, தள்ளுற வேகத்தை அது தாங்கிக்கும். உருண்டைங்க நிக்காம இறங்கும்."

"கோர்ட்டுக்கு நடுவுல கம்பம் நடச் சொல்றியா? முதல்ல என்னைத்தான் பிடிச்சு உள்ளே போடுவாங்க."

சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார் கணவர். அவர் மென்பொருள் வடிவமைப்பவர். "கம்பம் எதுக்குக்கா? ஒரு ஆப் போட்டா முடிஞ்சுது."

மறுநாள் டீச்சர் அந்த வீடியோவை எதிர் அறைப் பொருளாதாரப் பேராசிரியரிடம் காட்டினார். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று ஆரம்பிப்பதால் அவருக்கு ஆனா சார் என்றே பெயர்.

"ஆனா, உருண்டைக்குப் பயம் கிடையாதே டீச்சர்! இவங்க ஏன் முண்டியடிக்கிறாங்க? ஒரு மணிக்கு ஜன்னலை மூடிடறாங்க. கடைசில நிக்கிறவருக்கு இன்னொரு நாள் வீணாப் போகும். தள்ளுறவருக்குத்தான் லாபம்."

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் பெட்டிப் பக்கமே போகவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஆனா சார் சொன்னதில் ஒரு குறையும் தென்படவில்லை. மூன்றாம் நாள் அவரையும் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து பேசியதில் ஒரு வழி பிறந்தது. போனிலேயே டோக்கன், டோக்கனில் நேரம், டோக்கன் உள்ளவரின் மனுவை அன்றைக்கே வாங்கியாக வேண்டும். பயம் போனால் தள்ளுமுள்ளும் போகும். கணவர் ஒரே வாரத்தில் ஆப்பைச் செய்து முடித்தார். அது பதினெட்டு விவரம் கேட்டது. நாத்தனார் ஆறாவதிலேயே மாட்டிக்கொண்டார்.

"டேய் தம்பி, இதுக்கு அந்தக் கூட்டத்துலயே நின்னுடலாம்டா."

கணவர் இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். பிறகு போன் நம்பர், வழக்கு வகை என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தார்.

அடுத்து முட்டுக்கட்டை போட்டவர் நீதிமன்றப் பதிவாளர். வந்த வரிசையில்தான் வாங்க வேண்டும், விதி அப்படி என்றார். நாத்தனார் விதிப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"'மனு வந்த வரிசையில்'னுதான் சார் இருக்கு. ஆளே வந்து வரிசையில நிக்கணும்னு எங்கே இருக்கு? டோக்கன் போட்ட நேரத்தையே மனு வந்த நேரமா வெச்சுக்கலாமே!"

பதிவாளர் மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்தார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

"சார், ஜன்னலுக்கு முன்னாடி ஒரு பூந்தொட்டி வெச்சுக்கலாமா?" என்று கூட வந்திருந்த டீச்சர் மெல்லக் கேட்டார்.

"பூந்தொட்டிக்கு விதி எதுவும் இல்லைம்மா."

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவாளர் வெளியே வந்து பார்த்துப் பதறிவிட்டார். "என்ன, வக்கீலுங்க ஸ்டிரைக்கா?" ஒன்பதே பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லை அவருக்கு.

புதன்கிழமை ஆப் படுத்துவிட்டது. பழையபடி கூட்டம் திமுதிமுவென்று வந்தது. கணவர் வெளிறிப்போய் மடிக்கணினியோடு ஒரு மூலையில் ஒடுங்கினார். ஆனால் ஜன்னலுக்கு நான்கடி முன்னால் டீச்சர் வைத்திருந்த பெரிய சிமெண்டுப் பூந்தொட்டியை யாராலும் அசைக்க முடியவில்லை. கூட்டம் அதில் மோதி இடமும் வலமுமாகப் பிரிந்தது. மனு கொடுத்தவர்கள் தொட்டியை ஒட்டிச் சிரமமில்லாமல் வெளியே வந்தார்கள். டீச்சர் நோட்டும் கையுமாக ஓரத்தில் நின்று கோடு போட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாக ஒரு மணிக்குள் எழுபது மனு தாண்டாது. அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு.

"அண்ணி, தொண்ணூத்தி ரெண்டு!"

நாத்தனார் அத்தனை வக்கீல்களுக்கு நடுவில் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

கட்டுரை எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. இயற்பியல் இதழ் இது சட்டம் என்று திருப்பியது. சட்ட இதழ் இது பொருளாதாரம் என்றது. பொருளாதார இதழ் பூந்தொட்டியை எடுத்துவிடச் சொன்னது. நால்வரும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். நான்காவதாக அனுப்பிய இதழிலிருந்து பதில் வந்தபோது டீச்சர் வகுப்பில் இருந்தார். போன் விடாமல் அதிர்ந்தது.

"ஏத்துக்கிட்டாங்கடி! ஒரு வார்த்தைகூட மாத்தச் சொல்லலை!" நாத்தனாரின் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

டீச்சர் சாக்பீஸை மேஜைமேல் போட்டார். என்ன ஆச்சு என்று மாணவர்கள் கேட்டார்கள். சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாதியில் நின்ற சமன்பாட்டை எங்கே விட்டோம் என்று அவருக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. "இன்னிக்கு இவ்வளவுதான், எல்லாரும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, மாணவர்களுக்கு முன்னால் தானே படியிறங்கி ஓடினார்.